துறைமுகத் தடங்கள் – 9: 'சன்பீம்' கண்ட சிங்கப்பூர்

1877ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிங்கப்பூரில் தங்கிச் சென்ற கலங்களுள் 'சன்பீம்' என்னும் உல்லாசக் கப்பலும் ஒன்று. பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் பிராசியும் அவர் மனைவி ஆனியும், பிள்ளைகள் நால்வரோடு 1876 ஜூலையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, மகல்லன் நீரிணை, தஹித்தி, ஹவாய், ஜப்பான், ஹாங்காங் எனச் சுற்றி இத்துறைக்கு வந்திருந்தனர். அவர்களது கலம் மூன்று பாய்மரங்கள் உடைய 'ஸ்கூனர்' வகையைச் சேர்ந்தது. அதாவது, பெரும்பாலான பாய்கள் கலத்தின் நீளவாக்கில் கட்டப்படும் வகை. காற்று ஓய்ந்த நாட்களுக்கென அதில் நீராவி இயந்திரமும் பொருத்தப்பட்டிருந்தது.

நீராவி உள்ள கலத்துக்கு நிலக்கரி வேண்டும். சிங்கப்பூர் அன்று பெற்றிருந்த சிறப்புக்கு அதுவும் ஒரு காரணம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் மலாக்கா நீரிணை வழியே சென்ற நீராவிக் கப்பல்கள் பெருக, அவற்றுக்குத் தேவையான கரி தஞ்சோங் பகார் துறையில் கூலியாட்களால் கூடை கூடையாகச் சுமந்து ஏற்றப்பட்டது.

கரையில் இறங்கிய எந்தப் பயணிக்கும் தமிழர் கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் 'தமிழர்' என்ற பெயரில் அவர்கள் அறியப்படவில்லை. கலிங்கம் என்ற சொல்லிலிருந்து பிறந்து, பின்னர் இழிசொல்லாகத் திரிந்த 'கிளிங்' என்பதே அக்கால ஐரோப்பியர் எழுத்தில் காணப்படும் பெயர். இன்றைய சூலியா தெருவுக்கும் அன்று கிளிங் தெரு என்றே பெயர். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றிச் சென்ற 'தோங்காங்' படகுகளைத் தொடக்க காலத்தில் பெரிதும் ஓட்டியவர்கள் அவர்களே.

அவர்கள் எழுப்பிய நாகூர் தர்கா தெலுக் ஆயர் தெருவில் உள்ளது. மலாய் மொழியில் 'தெலுக்' என்றால் விரிகுடா, 'ஆயர்' என்றால் நீர். நாகூரில் அடங்கியுள்ள மகான் சாகுல் அமீது அவர்களின் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட இதில் அடக்கத்தலம் கிடையாது. கடலைத் தாண்டிப் பத்திரமாக வந்து சேர்ந்தவர்களின் நன்றியே இங்கே கட்டடமாகியிருக்கிறது. கீழே ஐரோப்பியப் பாணியிலான தூண்களும் வளைவுகளும், மேலே சிறு சிறு வளைவுகளாகத் துளையிட்ட சுவரும், மூலைகளில் மினாராக்களுமாக நிற்கும் இதன் முகப்பில், வந்த ஊரும் வாழவந்த ஊரும் ஒன்றாகக் கலந்திருப்பதைக் காணலாம். 'சன்பீம்' வந்தபோது கடல் இத்தெருவின் ஓரம்வரை இருந்தது. கடலைத் தூர்க்கும் பணி 1879இல்தான் தொடங்கியது.

இன்று தமிழர் பகுதி என்றதும் நினைவுக்கு வரும் தேக்கா, அன்று மாட்டுத் தொழுவங்களுக்கே பெயர்பெற்றிருந்தது. எருமைக் கொட்டில் என்று பொருள்படும் 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்ப் பெயர் அப்பகுதிக்கு வந்தது அதனால்தான். தமிழர் வணிகம் ஆற்றையும் துறையையும் ஒட்டியே நடந்தது. மார்க்கெட் தெருவைத் தமிழர் செட்டித் தெரு என்றே அழைத்தனர்.

ஏறத்தாழ பதினொரு மாதங்களில் உலகைச் சுற்றி முடித்த அப்பயணத்தைப் பற்றி ஆனி எழுதிய நூல் 1878இல் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. நாள்தோறும் கண்டதை அன்றன்றே குறித்துவைத்த அவரது உழைப்பு மதிக்கத்தக்கது. இருப்பினும், சில நாள் விருந்தினர் எழுதியது நகரின் வரலாறாக நிலைக்க, அந்நகரில் ஆயுளைக் கழித்த படகோட்டிகளின் சொற்கள் ஏட்டில் ஏறாமல் போனது பேரிழப்பே. ஆனி 1887இல் மற்றொரு பயணத்தின்போது அதே கப்பலில் காலமாகி, கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டில்தான் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழ் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது.

தர்கா கட்டடம் 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. அதன் வாசலில் இன்று நிற்பவருக்குக் கடல் தெரியாது; இடையே உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன.