வாரண்டி முடிந்தால் வழி முடிந்ததா?



"அக்கா, கிரைண்டர் நின்னு போச்சு. வாரண்டி போன மாசமே முடிஞ்சிருச்சு. புதுசு வாங்கக் கடன் வேணும்." குழுக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. மாவு அரைத்து விற்கும் உறுப்பினருக்கு ஒரு நாள் கிரைண்டர் நின்றாலும் அன்றைய வருமானம் போச்சு. அவசரம்தான். ஆனாலும் பழைய கடன் முடியுமுன் புதுக் கடன் எழுதுவதற்கு முன்னால், என்ன பழுது என்று பார்த்துவிடுவோம்.

முதலில் பார்க்க வேண்டியவை

மிக்ஸி திடீரென்று நின்றால் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் ஆற விடுங்கள். அடியில் உள்ள சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டு மறுபடி போடுங்கள். பாரம் அதிகமானால் மோட்டாரைக் காப்பாற்ற அது தானே நிறுத்திக்கொள்ளும். அது பழுது இல்லை.

மோட்டார் ஓடுது, ஜார் சுத்தலைன்னா கப்ளர் தேய்ந்திருக்கும். நெருப்புப் பொறி தெரிந்து, விட்டு விட்டு ஓடினால் பெரும்பாலும் கார்பன் பிரஷ். ஜாருக்கு அடியில் ஒழுகினால் வாஷர் அல்லது புஷ். எல்லாமே சின்ன செலவு. கிரைண்டர் 'உம்' என்று சத்தம் மட்டும் போட்டால் கண்டன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் ஓடியும் கல் சுற்றாவிட்டால் பெல்ட். பிள்ளைகள் டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் நின்றாலும் முதலில் அடாப்டரையும் ஒயரையும் மாற்றிப் பாருங்கள்.

நீங்களே பிரித்துப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டன்சர் ஷாக் அடிக்கும்.

கடைக்குப் போகும்போது

மோட்டார் புகைந்துவிட்டால் காயில் கட்ட வேண்டும். இது பெரிய செலவு. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். செலவு எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். புதுசு விலையில் பாதியைத் தாண்டினால் யோசியுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ரசீதும் வாங்குங்கள்.

வாரண்டி அட்டையை மறுபடி படியுங்கள். பொருளுக்கு 2 வருடம் என்றாலும், சில கம்பெனிகள் மோட்டாருக்கு மட்டும் தனியாக 5 வருடம் வரை தருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. பொருளை வியாபாரத்துக்கு வாங்கினால் பொதுவாக இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவரும் நுகர்வோர்தான். மாவு விற்கும் நம் சகோதரிக்கும் இந்த உரிமை உண்டு.

வாரண்டி இருக்கும்போதே புகார் கொடுத்தீர்கள். அவர்கள் நாள் கடத்திவிட்டு, "இப்ப வாரண்டி முடிஞ்சிருச்சும்மா" என்கிறார்கள். இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. புகார் கொடுத்த தேதிதான் உங்கள் பலம். அதனால் புகார் எண்ணை அன்றே பில்லின் பின்னால் எழுதி வையுங்கள். காசு வாங்கி ரிப்பேர் செய்தவர் சரியாகச் செய்யாவிட்டாலும் புகார் செய்யலாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தீராவிட்டால் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. பிரச்சனை வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

குழுவில் செய்யலாமே

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கும் பில், வாரண்டி அட்டைகளை எடுத்து வாருங்கள். எந்தப் பொருளுக்கு எந்தத் தேதியில் வாரண்டி முடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதுவோம். பொருள் வாங்கக் கடன் கேட்கும்போது, "ரிப்பேர் பார்த்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். பெல்ட் மாற்றினால் ஓடுகிற கிரைண்டருக்காக ஒரு சகோதரி வருடம் முழுக்க வட்டி கட்ட வேண்டாம்.