பள்ளிக்கூடமும் வீட்டுப் படலையும்

1983 ஆடிக் கலவரத்தின்போது கொழும்பில் தமிழர் வீடுகள் வாக்காளர் இடாப்பைக் கொண்டும் அடையாளங் காணப்பட்டன. ஆதலின், பாடசாலைப் படிவத்தைக் கண்டதும் நம்மவர் சிலர் அஞ்சுவதையோ, அஞ்சியே கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுப்பதையோ நாம் குறை கூறோம்.

எனினும், மவுண்ட் ரோஸ்கில் வாழ் பெற்றோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. நியூசிலாந்தின் 2020ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டம் பாடசாலைகளையும் கட்டுப்படுத்தும். தம் பணிக்குத் தேவையானதையே அவை திரட்டலாம்; எதற்காகக் கேட்கின்றன, யார் பார்ப்பர், விடையளித்தல் கட்டாயமா என்பவற்றையும் கூறவேண்டும். பிள்ளைகளிடம் தகவல் பெறும் முறை, அந்தரங்கத்தில் அளவிறந்து தலையிடாததாய் இருத்தல் வேண்டுமெனச் சட்டம் தனியே வலியுறுத்துகிறது. தம்மைப் பற்றி எழுதி வைத்திருப்பதைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் பெற்றோருக்கு உரிமையுண்டு.

முகவரியும் ஒவ்வாமையும் அவசரத் தொலைபேசி இலக்கமும் தேவையே. தந்தை எவ்வழியாக இந்நாடு வந்தார் என்பது கணிதம் கற்பிக்க எதற்கு? "ஏன் கேட்கிறீர்கள்?" என வினவுதல் மரியாதைக் குறைவன்று. பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறதோ என ஐயுற்றுக் கேட்பது வேறு. அப்போது படலையைச் சாத்துதல் தகாது.

ஊரில் ஆசிரியராயிருந்த காலத்தில், தந்தையின் தொழிலை வகுப்பில் உரக்கக் கேட்டே இடாப்பில் பதிந்தோம். தலைகுனிந்த பிள்ளைகளை அன்று கவனித்திலோம். நமது தமிழ்ப் பாடசாலையின் அனுமதிப் படிவத்திலும் அக்கேள்வி இருந்தது. இவ்வாண்டு நீக்கிவிட்டோம்.