கன்னிவாடின்னா எந்தக் கன்னிவாடி? தேடுபொறிகளுக்கு ஒரு பத்து கேள்விப் பரீட்சை!

பண்டிகைக்கு முன்னால் நாலு ஆடு வாங்கலாம் என்று நினைக்கும் ஒருவர், போனை எடுத்து 'கன்னிவாடி ஆட்டுச் சந்தை' என்று தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தையைப் பற்றிய செய்தி வரும், போட்டோ வரும், வீடியோவும் வரும். எல்லாம் சரிதான். ஆனால், அவர் இருப்பது திண்டுக்கல் மாவட்டத்துக் கன்னிவாடியில். சந்தை நடப்பதோ திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கத்தில் இருக்கும் கன்னிவாடியில்!

இரண்டுமே பேரூராட்சிகள். ஒன்று, மதுரை நாயக்கர் காலத்தில் பாளையமாக இருந்து, பிறகு ஜமீனாகி, இன்று பன்றிமலை, ஆடலூர் மலைகளின் அடிவாரத்தில் ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் இருக்கும் ஊர். மற்றொன்று, அங்கிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், தாராபுரம் தாலுகாவில் இருக்கிறது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவாகும்வரை அது ஈரோடு மாவட்டக் கன்னிவாடி. இணையத்தில் பழைய பக்கங்கள் அழிவதில்லை. ஆகவே, 'கன்னிவாடி, ஈரோடு' என்று மூன்றாவதாக ஓர் ஊர் இருப்பதுபோலக்கூடத் தோன்றலாம்.

போதாக்குறைக்கு, திண்டுக்கல் கன்னிவாடி இருக்கும் சட்டமன்றத் தொகுதியின் பெயர் ஆத்தூர். சேலத்தில் ஓர் ஆத்தூர் இருக்கிறது. தூத்துக்குடியில் இன்னோர் ஆத்தூர். சென்னையைப் பற்றித் தேடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. 

'எந்தத் தேடுபொறி நல்லது? கூகுளா, பிங்கா, டக்டக்கோவா?' என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. வரும் பதில்கள் பெரும்பாலும் அமெரிக்காவில், ஆங்கிலத்தில் தேடிப் பார்த்து எழுதப்பட்டவை. கன்னிவாடியிலிருந்து தமிழில் தேடினால் எது நல்லது என்பதைக் கன்னிவாடிக்காரர்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை.

முதல் பரீட்சை வைத்தவர் ஒரு நூலகர்

தேடலுக்கு மார்க் போடும் முறை கம்ப்யூட்டர்காரர்கள் தொடங்கியது அல்ல. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் இருந்த விமானவியல் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன், 1960-களில் செய்த சோதனையிலிருந்து வளர்ந்தது அது. 1,400 ஆய்வுக் கட்டுரைச் சுருக்கங்கள், 225 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தெந்தக் கட்டுரை பொருத்தமானது என்று முன்கூட்டியே ஆட்களை வைத்துக் குறித்துக்கொண்டார். பிறகு, ஒவ்வொரு தேடும் முறையும் எதையெல்லாம் எடுத்துக் கொடுக்கிறது என்று எண்ணினார். எடுத்துக் கொடுத்ததில் எத்தனை உருப்படியானவை என்பது ஒரு கணக்கு. உருப்படியானவற்றில் எத்தனை விட்டுப்போயின என்பது இன்னொரு கணக்கு. இன்றுவரை அடிப்படை இதுதான்.

கம்பெனிகளும் பரீட்சை வைத்துப் பார்த்திருக்கின்றன. 2012-ல் மைக்ரோசாஃப்ட், 'பிங் இட் ஆன்' என்று ஒரு போட்டி நடத்தியது. பெயரை மறைத்துவிட்டு, இரண்டு தேடுபொறிகளின் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எது பிடிக்கிறது என்று மக்களிடம் கேட்டது. கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிங் ஜெயித்ததாக விளம்பரம் செய்தது. யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் அயன் அயர்ஸ் தன் குழுவோடு அதே போட்டியைச் சுமார் ஆயிரம் பேரிடம் நடத்திப் பார்த்தார். 53 சதவிகிதம் பேர் கூகுள், 41 சதவிகிதம் பேர் பிங், மிச்சம் சமம் என்று வந்தது. கேள்வித்தாளை யார் தயாரிக்கிறார்கள் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது. அதனால்தான் நம் கேள்வித்தாளை நாமே தயாரிக்க வேண்டும் என்பது.

பத்து கேள்வி போதும்

வீட்டில் உண்மையிலேயே தேவைப்பட்ட பத்து கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். 'முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி, என்ன செய்வது?' 'ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இன்று தக்காளி விலை?' 'பட்டா மாறுதலுக்கு எங்கே விண்ணப்பிப்பது?' 'கன்னிவாடியிலிருந்து பன்றிமலைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?' 'கன்னிவாடி ஜமீன் வரலாறு.' இப்படி. விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்விகள் இரண்டு மூன்றாவது இருக்கட்டும். அப்போதுதான் தேடுபொறி அளப்பதைக் கண்டுபிடிக்க முடியும்.

ஒரே கேள்வியை ஒவ்வொரு தேடுபொறியிலும் எழுத்து மாறாமல் போடுங்கள். முதல் ஐந்து முடிவுகளை மட்டும் திறந்து பாருங்கள். வேலைக்கு ஆனதா, பாதிதானா, குப்பையா என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். முடிந்தால் வேறு ஒருவரைத் தேடச் சொல்லி, எது எந்தத் தேடுபொறி என்று தெரியாமல் நீங்கள் மார்க் போடுங்கள். பெயரைப் பார்த்ததும் மனசு சாய்ந்துவிடும்.

பெயர் மட்டுமல்ல, இடமும் நம்மைச் சாய்க்கும். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குக் கூகுள் முடிவுகளை அவர்களுக்குத் தெரியாமல் தலைகீழாக வரிசை மாற்றிக் காட்டினார்கள். அப்போதும் பலர் மேலே இருந்ததையே நம்பித் தட்டினார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒட்டன்சத்திரத்தில் பத்து கடையில் விலை கேட்டாலும், சரக்கு ஒரே மண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம் இல்லையா? இங்கேயும் அதே கதைதான். டக்டக்கோ தன் முடிவுகளின் பெரும்பகுதியைப் பிங்கிடமிருந்து வாங்குகிறது. யாகூவும் பல ஆண்டுகளாகப் பிங்கை நம்பித்தான் ஓடுகிறது. இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரே மண்டிச் சரக்கை மூன்று கடையில் பார்ப்பதுபோல. கூகுள், பிங், யாண்டெக்ஸ், 2021-ல் வந்த பிரேவ் ஆகியவை சொந்தமாக இணையப் பக்கங்களைத் திரட்டி அட்டவணை வைத்திருப்பவை. சோதனையை இவற்றுக்கு நடுவே வைத்தால்தான் அர்த்தம்.

தமிழில் தேடினால் என்ன சிக்கல்?

கன்னிவாடி, கன்னிவாடியில், கன்னிவாடிக்கு, கன்னிவாடியிலிருந்து, கன்னிவாடிப் பேரூராட்சி. நமக்கு எல்லாம் ஒரே ஊர். வேர்ச்சொல்லைப் பிரித்தெடுக்கத் தெரியாத இயந்திரத்துக்கு இவை வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் அப்படியே நிற்கும், 'இன்', 'டு', 'ஃப்ரம்' எல்லாம் தனியாக நிற்கும். தமிழில் ஒட்டிக்கொள்ளும். 'முருங்கைக்காய்' என்று சேர்த்து எழுதுவதும், 'முருங்கை காய்' என்று பிரித்து எழுதுவதும் வேறு வேறு முடிவுகளைக் கொண்டுவரலாம். ஆங்கில எழுத்தில் 'முருங்கா பூச்சி மருந்து' என்று அடிக்கிறவர்கள் தனிக் கூட்டம். பத்து கேள்விப் பரீட்சையில் இரண்டு கேள்விகளையாவது இப்படி மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள். தேடுபொறிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

தாத்தா பாட்டிகளுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2017 ஆகஸ்டில் கூகுளின் குரல்வழித் தேடலில் தமிழும் சேர்ந்தது. தட்டத் தெரியாதவர்களும் கேட்கத் தொடங்கினார்கள்.

அடுத்த சிக்கல், தேடுபொறியின் தப்பு அல்ல. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு தமிழ்த் தளங்களும் பத்திரிகைகளும் ஆளுக்கொரு எழுத்துருவில் ஏற்றிவைத்தவை ஏராளம். திரையில் அது தமிழாகத் தெரிந்தது. தேடுபொறியின் கண்ணுக்கோ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010 ஜூனில்தான். அதற்கு முந்தைய அறிக்கைகளிலும் கட்டுரைகளிலும் கன்னிவாடி ஜமீனைப் பற்றி என்ன இருந்தாலும், அதைத் தமிழில் தட்டி எடுப்பது கஷ்டம்.

எழுதவே படாத விஷயத்தை யாராலும் தேடி எடுக்க முடியாது. பன்றிமலைக் கடைசி பஸ்ஸின் நேரத்தை யாரும் இணையத்தில் ஏற்றவில்லை என்றால், உலகின் சிறந்த தேடுபொறியும் கையை விரிக்கும். அல்லது, கையை விரிக்காமல் கொடைக்கானல் டூர் பேக்கேஜைக் காட்டும். இரண்டாவதுதான் மோசம்.

முருங்கை விஷயத்தில் நிலைமை பரவாயில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் இணையதளம் தமிழிலேயே பயிர் வாரியாகப் பக்கங்கள் வைத்திருக்கிறது. 1989-ல் பி.கே.எம்.1 ரக முருங்கையை வெளியிட்ட பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது. ரெட்டியார்சத்திரத்திலேயே இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் வந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. நல்ல தேடுபொறி இவற்றை மேலே கொண்டுவர வேண்டும். மொட்டை மாடித் தோட்டத்துக்குச் சொன்ன கைவைத்தியத்தை, ஏக்கர் கணக்கில் முருங்கை போட்டவருக்குக் காட்டினால் அதற்கு முட்டை மார்க்!

தரம் குறைகிறதா?

'முன்ன மாதிரி கூகுள்ல கிடைக்கிறதில்லப்பா' என்று புலம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஜெர்மனியின் லைப்சிக், வைமார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பொருள்களைப் பற்றிய விமர்சனம் கேட்கும் 7,392 தேடல்களை ஓராண்டு முழுக்கக் கூகுள், பிங், டக்டக்கோ மூன்றிலும் கண்காணித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். மேலே வரும் பக்கங்களில், தேடுபொறிக்காகவே ஜோடித்தவையும், 'இங்கே தட்டி வாங்குங்கள்' என்று கமிஷன் பார்ப்பவையும் அதிகம். எழுத்தின் தரமோ மூன்றிலுமே இறங்குமுகம். கூகுள் குப்பையை ஓரளவு கூட்டித் தள்ளினாலும், புதுக் குப்பை வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ம் தேதி, வாஷிங்டன் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்திருக்கிறது என்று தீர்ப்பு சொன்னார். போன்களிலும் பிரவுசர்களிலும் தானே முதல் தேடுபொறியாக இருப்பதற்காக 2021-ல் மட்டும் கூகுள் கொடுத்த பணம் 2,630 கோடி டாலர். தேடலின் தரத்தை நன்றாகக் குறைத்தாலும் வருமானம் போகாது என்று 2020-ல் கூகுளே உள்ளுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்த தகவலும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. போன் வாங்கிய நாளிலிருந்து ஒரே பெட்டியில் தட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

தப்பான நம்பர், காலியான கணக்கு

பஸ் நேரம் தப்பானால் ஒரு மணி நேரம் போகும். பேங்க் கஸ்டமர் கேர் நம்பர் தப்பானால் சேமிப்பே போய்விடும். 2018-ல் மகாராஷ்டிரா சைபர் போலீஸார் ஒரு மோசடியைப் பற்றி எச்சரித்தார்கள். கூகுள் மேப்பில் ஒரு பொதுத்துறை வங்கியின் கிளைகளுக்கு நேரே, மோசடிக் கும்பல் தன் போன் நம்பரை மாற்றி வைத்திருந்தது. நம்பி அழைத்தவர்களிடம் கார்டு விவரங்களை வாங்கிப் பணத்தை எடுத்தார்கள். தேடி எடுத்த கஸ்டமர் கேர் நம்பரால் ஏமாறுவது அதற்குப் பிறகும் நின்றபாடில்லை.

ஆகவே, பத்து கேள்வியில் ஒன்று இதுவாக இருக்கட்டும். 'என் வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்' என்று தேடி, வரும் எண்ணை ஏடிஎம் கார்டின் பின்புறம் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். அழைக்கக் கூடாது, ஒப்பிட மட்டும்! பட்டா, சான்றிதழ் என்றால் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். 'ஸ்பான்சர்டு' என்று சின்ன எழுத்தில் இருந்தால் அது காசு கொடுத்துப் பிடித்த இடம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

ஏஐ பதில் சொன்னால்?

இப்போது லிங்க் வரிசைக்கும் மேலே ஏஐ எழுதிய பதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூகுளின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் சுந்தர் பிச்சை பிறந்தது பக்கத்து மதுரையில். போட்டிக்கு நிற்கும் பெர்ப்ளெக்சிட்டியின் இணை நிறுவனர் அரவிந்த் ஸ்ரீனிவாஸ் சென்னைக்காரர். 2025 ஜூலையில் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு ஓராண்டு பெர்ப்ளெக்சிட்டி புரோ இலவசம் என்று அறிவித்தார்கள். சண்டை நம் பாக்கெட்டுக்குள்ளேயே நடக்கிறது.

இங்கே பரீட்சை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். லிங்க் வரிசையில் இரண்டு கன்னிவாடியும் தனித்தனியாகத் தெரியும், நாம் பிரித்துக்கொள்ளலாம். ஏஐ இரண்டையும் கலந்து, ஜமீன் வரலாறும் ஆட்டுச் சந்தையும் ஒரே ஊரில் இருப்பதாக அழகான தமிழில் ஒரு பத்தி எழுதிவிட்டால்? 2024 மே மாதம், பீட்சாவில் சீஸ் ஒட்ட பசை சேர்க்கச் சொல்லி உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது கூகுளின் ஏஐ பதில். பசை என்றால் சிரித்துவிடலாம், பூச்சிமருந்தின் அளவு என்றால் முடியாது. பதிலின் கீழே கொடுத்திருக்கும் மூல லிங்க்கைத் திறந்து, அந்த விஷயம் அங்கே உண்மையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மார்க்.

தேடித் தருகிறவருக்கு ஊர் தெரிந்திருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு பழைய கதை உண்டு. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்த அலை உயர விவரத்தை எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிறகு இஸ்ரோவுடன் சேர்ந்து செயற்கைக்கோள் இணைப்பில் கிராம வள மையங்கள் வந்தன. 2004 அக்டோபர் 18-ம் தேதி பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்த முதல் மையங்களில் ஒன்று, கன்னிவாடிக்குத் தெற்கே இருக்கும் செம்பட்டி. அங்கே கேள்வி கேட்ட விவசாயியிடம் 'எந்தக் கன்னிவாடிங்க?' என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்றைக்கு அந்த வேலையைத் தட்டுகிறவரே செய்துகொள்ள வேண்டும். ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் மாவட்டத்தையும் சேர்த்துத் தட்டினால் பாதிக் குழப்பம் போய்விடும். ஆடு வாங்கப் போகிறவர் 'கன்னிவாடி, மூலனூர்' என்று தட்டட்டும். தாராபுரம் பஸ்ஸா, மூலனூர் பஸ்ஸா என்பதை மட்டும் ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது கேட்டுக்கொள்வது நல்லது.