இறுதிவரை இறைவனோடு



மாலையில் விளக்கேற்றிச் செபமாலையைக் கையில் எடுக்கும்போது, "இவ்வளவும் நடந்த பிறகும் ஏன் செபிக்கிறோம்?" என்ற கேள்வி உங்கள் மனதில் எழுந்ததுண்டா? உடையார்கட்டில் அந்தக் கேள்வி எழாத வீடு குறைவாகத்தான் இருக்கும். 2009 ஜனவரியில் நமது ஊரையும் உள்ளடக்கிய பகுதி பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. அதை நம்பி வந்து தங்கியவர்கள் மத்தியிலும் எறிகணைகள் வீழ்ந்தன. கணவனையோ பிள்ளையையோ இழந்த ஒரு பெண்ணிடம், "கடவுளுக்குப் பிரமாணிக்கமாய் இரு" என்று சொல்வது இலகு. அதை அவள் வாழ்ந்து காட்டுவதுதான் கடினம்.

ஆனால் அப்படி வாழ்ந்து காட்டியவர்கள் நமது மண்ணிலேயே இருந்திருக்கிறார்கள்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687இல் கோவாவிலிருந்து புனித யோசே வாஸ் அடிகளார் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் இரகசியமாக வந்து சேர்ந்தார். விசுவாசிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களை அடையாளம் கண்டுகொண்டார்.

இங்கே சற்று நின்று யோசித்துப் பாருங்கள். இடைப்பட்ட காலம் 29 வருடங்கள். 1658இல் பிறந்த ஒரு பெண் குழந்தை, அடிகளார் வந்தபோது தானே பிள்ளைகளுக்குத் தாயாகியிருப்பாள். கோவிலில் திருப்பலி காண அவளுக்கு வழி இருக்கவில்லை. அவளுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தது யார்? செபமாலையைக் கண்டதும் இது நம்முடையது என்று அறியச் செய்தது யார்? வீட்டிலிருந்த தாயும் பேத்தியாரும் அல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? அவர்களுடைய பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர்கள் அடுப்படியில் சொல்லிக்கொடுத்த செபம் இன்று நம்வரை வந்திருக்கிறது.

அதே காலத்தில்தான், 1670 அளவில், மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் சென்றன. மருதமடுத் திருத்தலம் அப்படித்தான் உருவாயிற்று. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது, அதே அன்னையின் சொரூபம் மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது. மாதாவும் நம்மைப்போல் அகதியாகிப் பின்னர் தன் இடத்துக்குத் திரும்பி வந்தார்.

போரின் கடைசி மாதங்களில் குருக்களும் கன்னியர்களும் மக்களோடு மக்களாக இடம்பெயர்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான அருட்தந்தை மரியாம்பிள்ளை சரத்ஜீவன், இறுதிவரை மக்களோடு இருந்து, 2009 மே 18இல் உயிர்நீத்தார்.

பிரமாணிக்கம் என்றால் அழாமல் இருப்பதா? இல்லை. சங்கீதங்களில் பல முறைப்பாடும் கண்ணீருந்தான். சிலுவையில் தொங்கிய இயேசுவே, ஏன் கைவிட்டீர் என்று தந்தையிடம் கேட்டார். கேள்வி கேட்பது விசுவாசக் குறைவல்ல. கேள்வியையும் அவரிடமே கொண்டுபோய்க் கேட்பதுதான் விசுவாசம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தாயின் பெருமூச்சும் செபந்தான்.

லூக்கா நற்செய்தியில் வரும் அன்னாவை நினைத்துப் பாருங்கள். ஏழே வருட மணவாழ்வு. அதன்பின் கைம்பெண். எண்பத்துநான்கு வயதிலும் ஆலயத்தை விட்டு அவர் விலகவில்லை. பெரிய அற்புதம் எதுவும் செய்ததாக அவரைப் பற்றி எழுதப்படவில்லை. நாளுக்கு நாள் செபித்தார், காத்திருந்தார். குழந்தை இயேசுவைக் கண்டதும், மீட்புக்காகக் காத்திருந்த மற்றவர்களிடம் அவரைப் பற்றிப் பேசினார்.

நாம் என்ன செய்யலாம்? ஒரு நாளைக்கு ஐந்து நிமிடமாவது பிள்ளைகளோடு அமர்ந்து செபிப்போம். இழந்தவர்களின் பெயர்களை அந்தச் செபத்தில் சொல்லுவோம். "அம்மா, கடவுள் அப்ப எங்க இருந்தவர்?" என்று பிள்ளை கேட்டால் அதட்டாமல், "எனக்கும் அந்தக் கேள்வி இருக்கு, வா, சேர்ந்து அவரிட்டையே கேப்பம்" என்போம். கோவிலுக்கு வர மனமில்லாதிருக்கும் சகோதரியைக் குறை கூறாமல், ஒரு நேரம் அவளுடைய வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் இருப்போம்.

வாழ்நாள் முழுவதற்குமான பிரமாணிக்கத்தை ஒரே நாளில் கொடுத்துவிட யாராலும் முடியாது. இன்றைய நாளுக்குரியதை இன்று கொடுப்போம். 29 வருடங்கள் தாக்குப்பிடித்த அந்தத் தாய்மாரும் ஒவ்வொரு நாளாகத்தான் அதைக் கடந்தார்கள்.