2 சென்டிமீட்டரில் சிக்கிய சுற்றுலா!
ராட்டினப் பூங்காவுக்குத் திட்டம் போடும் ஸ்ரீரங்கம் குடும்பம்: சத்திரம் பஸ் நிலையத்தில் ஒரு மாலை நேரம்

(நமது நிருபர்)

திருச்சி,-

சத்திரம் பஸ் நிலையம். மாலை 6 மணி. ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் வந்தது, நிறைந்தது, போனது. அடுத்ததும் போய்விட்டது. ஆனால் பெஞ்சில் இருந்த ஒரு குடும்பம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

மடியில் ஒரு நோட்டுப் பேப்பர். அதில் கூட்டல், கழித்தல், அடித்தல், திருத்தல். பக்கத்துத் தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒரு பையன் விறைப்பாக நிற்கிறான். அப்பா கையில் தையல்காரர் டேப்!

"குதிகாலைத் தூக்காதடா!"

"தூக்கலப்பா."

"நூத்தி முப்பத்தெட்டு."

பையன் முகம் தொங்கிவிட்டது. அப்பா முகத்திலோ சந்தோஷம்! இது என்ன விசித்திரம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தோம்.

அப்பா பெரிய கடைவீதி ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்ப்பவர். வீடு ஸ்ரீரங்கத்தில். மனைவி, 12 வயது முடிந்த மகன், 8 வயது மகள், வயதான தாயார். இதுவரை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன வெளியூர் எல்லாம் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில். இந்த முறை பெரிய திட்டம். சென்னைக்குப் பக்கத்தில் திறந்திருக்கும் வொண்டர்லா பூங்கா!

தலைகீழ் ரயில்

முன்பெல்லாம் பட்டணத்துக்கு டூர் போனால் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. கடற்கரையில் சிரிக்காமல் நிற்கும் சிலை மனிதனைப் பார்த்துவிட்டு வருவார்கள். 1990-களில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் கிஷ்கிந்தா வந்தது. சினிமாக்காரர் நவோதயா அப்பச்சன் கட்டியது.

வொண்டர்லா கதை வேறு. 2000-ல் கொச்சியில் 'வீகாலேண்ட்' என்று தொடங்கிய கம்பெனி. பெங்களூர் (2005), ஐதராபாத் (2016), புவனேசுவரம் (2024) போய்விட்டுத்தான் நம் பக்கம் வந்தார்கள். உள்ளாட்சி கேளிக்கை வரி விவகாரத்தில் சென்னைத் திட்டம் பல வருஷம் இழுத்தது. ஒரு வழியாக 2025 டிசம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் திறந்தார்கள். 64 ஏக்கர். செலவு 611 கோடி ரூபாய். 43 விளையாட்டுகள்.

அதில் ஒன்றின் பெயர் 'தஞ்சோரா'. தஞ்சாவூர்க்காரர்கள் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். சுவிட்சர்லாந்து கம்பெனி செய்து கொடுத்தது. தண்டவாளம் மேலே, ஆள் கீழே. கால் அந்தரத்தில் தொங்கும். அந்தக் கம்பெனி செய்த இந்த மாதிரி ராட்டின ரயில் இந்தியாவில் இதுதான் முதல்.

பையன் செல்போனில் அந்த வீடியோவை எத்தனை தரம் பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

யார் குழந்தை?

இங்கேதான் வந்தது வினை!

நம் அரசு பஸ்ஸில் 5 வயது வரை டிக்கெட் இல்லை. 12 வரை அரை டிக்கெட். ரயிலிலும் வயசுக் கணக்குதான். 5 முதல் 12-க்குள் இருந்தால், தனி இடம் கேட்காதவரை பாதிக் கட்டணம். தனியாகப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம்.

பூங்காவிலோ வயசை யாரும் கேட்பதில்லை. உயரத்தை அளக்கிறார்கள்! இந்தக் கம்பெனியின் பூங்காக்களில் 85 செ.மீ. உயரத்துக்குக் கீழே இருந்தால் இலவசம். 85-லிருந்து 140 வரை குழந்தை டிக்கெட். 140-ஐத் தாண்டினால் மீசை முளைக்காவிட்டாலும் பெரியவர்!

ஆக, இந்தப் பையன் பஸ்ஸில் பெரியவன். ரயிலிலும் பெரியவன். பூங்காவில் மட்டும் குழந்தை.

அப்பா சந்தோஷத்துக்குக் காரணம் புரிந்ததா? பையன் 140-ஐத் தொடுவதற்குள் போய்விட்டால் சில நூறு ரூபாய் மிச்சம்.

பையன் துக்கத்துக்குக் காரணம் வேறு. பெரிய ராட்டினங்கள் பலவற்றில் 140 செ.மீ. இருந்தால்தான் ஏற்றுவார்கள். வாசலில் அளவுகோல் வைத்திருப்பார்கள். கெஞ்சினாலும் நடக்காது. நடக்கவும் கூடாது. தோளையும் இடுப்பையும் அழுத்திப் பிடிக்கும் அந்தப் பூட்டு, உடம்பின் அளவுக்குச் செய்தது. உடம்பு சின்னதாக இருந்தால் பூட்டு சரியாகப் பிடிக்காது.

"அங்க வரைக்கும் போய், கீழ நின்னு அண்ணாந்து பாக்கவா?" என்றான் பையன்.

அப்பா பதில் சொல்லவில்லை. பேப்பரை மடித்தார். பிறகு திரும்பவும் பிரித்தார்.

கிளாம்பாக்கமா? கேளம்பாக்கமா?

போகிற வழியிலும் குழப்பம். முன்பு மத்திய பஸ் நிலையத்தில் சென்னை பஸ் ஏறினோம். 2025 ஜூலையிலிருந்து வெளியூர் பஸ்களுக்குப் பஞ்சப்பூர் போகவேண்டும். சத்திரத்திலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் கிடையாது. "அதுவரைக்கும் எனக்கும் அத்தைக்கும் செலவில்லைங்க" என்றார் அந்த அம்மா.

சென்னையில் பஸ் நிற்பது கிளாம்பாக்கம். 2023 டிசம்பரில் திறந்த பஸ் நிலையம். அங்கிருந்து பழைய மகாபலிபுரம் ரோட்டில் இருக்கும் கேளம்பாக்கம் போய், அதற்கப்புறம் திருப்போரூர். பெயர் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் வெளியூர்க்காரர்கள் தடுமாறுகிறார்கள். கண்டக்டரிடம் ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லிக் கேட்பது நல்லது.

நம் யோசனை வேறு. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஸ்ரீரங்கத்திலேயே நிற்கிறது. ராத்திரி ஏறினால் விடிவதற்குள் செங்கல்பட்டு. சென்னைக்கே போகவேண்டாம். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் சுமார் 25 கிலோமீட்டர்தான். படுக்கை டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

விடியற்காலையில் போய் இறங்கி என்ன செய்வது? பூங்காக் கதவு திறப்பதோ முற்பகலில். இதற்கு விடை சொன்னவர் பாட்டி!

"திருப்போரூர்ல முருகன் இருக்காரேப்பா. எனக்கு ராட்டினம் வேணாம். அவரைக் காட்டிட்டு நீங்க போங்க. நான் கோயில்லயே உக்காந்திருக்கேன்."

நல்ல யோசனைதான். கந்தசாமி கோயில் பிரசித்தமானது. ஆனால் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த வயதில் தெருவில் உட்கார முடியுமா? உள்ளே அழைத்துப் போனால் ராட்டினத்தில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் டிக்கெட் டிக்கெட்தான். 60 வயதுக்கு மேல் சலுகை உண்டு. ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம் என்றால் பெரிய ராட்டினங்களில் அனுமதி இல்லை. பாட்டிக்குத் தினமும் பி.பி. மாத்திரை. ஆகவே உள்ளே போனாலும் நிழலில் உட்காரத்தான்.

"அப்பாயி வந்தாதான் நானும் வருவேன்" என்றாள் பேத்தி. பேப்பரில் இன்னொரு டிக்கெட் ஏறியது.

சேலைக்குத் தடை

திறந்தபோது அறிவித்த ஆரம்ப விலை ஆளுக்கு 1,489 ரூபாய். குழந்தை, பெரியவர், கிழமை இவற்றைப் பொறுத்து மாறும். ஆன்லைனில் முன்பதிவு செய்தால் சலுகை. நாலு பேர் நுழைவதற்கே ஐயாயிரம். பாட்டியோடு ஆறாயிரத்தைத் தாண்டும். ரயில், பஸ், சாப்பாடு தனி. இரண்டு நாள் லீவுக்குக் கடையில் பிடிக்கும் சம்பளத்தையும் அப்பா எழுதி வைத்திருந்தார். அதை எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம் என்று அம்மா நினைத்திருந்தார். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள்! கட்டுச்சோற்றை ரயிலிலும் கோயில் வாசலிலும் முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த அதிர்ச்சி உடுப்பு. தண்ணீர் விளையாட்டில் சேலை, வேட்டி, பருத்தித் துணி, ஜீன்ஸ் எதுவும் ஆகாது. உடம்போடு ஒட்டும் நைலான் மாதிரி துணிதான். அங்கேயே விற்பார்கள். ஆனால் விலை அவர்கள் வைத்ததுதான். சட்டை, செருப்பு, பணம் வைக்கும் பெட்டிக்கும் வாடகை உண்டு.

"நானே ஜவுளிக்கடைதான். கடையிலேயே எடுத்துக்கறேன்" என்றார் அப்பா. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் கரையில நின்னு துணிமணியப் பாத்துக்கறேன்" என்றார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து துணிக்குக் காவல்! முழுக்கை மேல்சட்டை, கால்சட்டை மாதிரியும் அந்த உடுப்பு கிடைக்கிறது. அதைச் சொன்னதும் சிரித்துக்கொண்டார்.

போலி டிக்கெட் கும்பல்

கிரைம் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. 'பாதி விலைக்கு டிக்கெட்' என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்கைத் தொடாதீர்கள். பூங்காவின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யவேண்டும். சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு.

தெரு வேன்காரர், 'டூர் சீட்டு' பிடிப்பவர் யாராக இருந்தாலும் ரசீது இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது.

போலி டிக்கெட் இன்றைக்கு வந்த சரக்கு அல்ல. அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் திறந்தது 1955 ஜூலை 17. 15 ஆயிரம் பேரை எதிர்பார்த்த இடத்தில் 28 ஆயிரம் பேர் புகுந்துவிட்டார்கள். பாதிப் பேர் கையில் கள்ள டிக்கெட் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! புதுசாகப் போட்ட தார் வெயிலில் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு ஒட்டிக்கொண்டதாம்.

பாட்டியின் கேள்வி

"அது பாதியில நின்னு போச்சுன்னா?" என்று பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் சரிந்து ஊழியர் ஒருவர் பலியானார். 2025 மே 27-ந் தேதி ஈஞ்சம்பாக்கம் பூங்காவில் ராட்டினம் உயரத்தில் நின்றுபோய், சிறுவர்கள் உள்பட 30-க்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் தவித்தார்கள். தீயணைப்புப் படை ராட்சத ஏணி வண்டியோடு வந்து இறக்கியது.

அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா என்றால், அது அவரவர் முடிவு. ஆனால் பூட்டு சரியாக விழுந்ததா என்று நாமே இழுத்துப் பார்ப்பது, செல்போனைக் கையில் பிடிக்காமல் இருப்பது, உயரத்தைப் பொய் சொல்லாமல் இருப்பது இந்த மூன்றும் நம் கையில்.

கடைசிச் சங்கதியைச் சொன்னதும் அப்பா டேப்பைச் சுருட்டினார். ஷூவுக்குள் அட்டை வைத்து 140 ஆக்கிவிடலாம் என்று கடை நண்பர் ஒருவர் யோசனை சொல்லியிருந்தாராம்!

முடிவு என்ன?

"ஏங்க, ரெண்டு சென்டிமீட்டர்தானே. பரீட்சை முடியட்டும். வளர்ந்துடுவான்" என்றார் அம்மா.

"வளந்தா பெரியவன் டிக்கெட்டு."

"ஆகட்டும். அவனுக்காகத்தானே போறோம்?"

அப்பா கொஞ்ச நேரம் எதிரே மலைக்கோட்டையைப் பார்த்தார். பிறகு பேப்பரில் குழந்தை டிக்கெட் இரண்டு என்றிருந்ததை ஒன்று என்று திருத்தினார். அடியில் எழுதினார்: 'சித்திரை 1, மறுபடி அளக்கணும்.'

அதுவரை சின்னவள் சும்மா இருப்பாளா? வருகிற ஞாயிற்றுக்கிழமை மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று அவளுக்கு வாக்குறுதி. 2015-ல் திறந்த அந்தப் பூங்கா வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் இதுவரை போனதில்லையாம். அங்கே உயரம் அளப்பதில்லை.

ஒன்றாம் நம்பர் பஸ் வந்தது. பாட்டிக்கு இடம் கிடைத்தது. பையன் உட்காரவில்லை. மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கித் தொங்கினான்.

"இறங்குடா, கண்டக்டர் திட்டுவாரு!"

"தொங்கினா உயரமாகலாம்னு பி.டி. சார் சொன்னாருப்பா!"

பஸ் காவிரிப் பாலத்தைப் பார்த்துக் கிளம்பியது.