சோப்பு ஊறும்போது

சோப்புப் பெட்டியில் தேங்கிய நீரில் ஊறும் கட்டியின் அடியில் வழவழப்பாக ஒரு படலம் உருவாகிறது. பார்வைக்கு அது பாதி கரைந்த சோப்பு; இயற்பியலில் அது திரவப் படிகம்: திரவம்போல் நெகிழும், மூலக்கூறுகளோ படிகம்போல் ஒழுங்காக நிற்கும். தொலைக்காட்சித் திரையில் உள்ள வகை வெப்பநிலைக்கேற்ப நிலை மாறும். சோப்பு வகையில் முக்கியமாக நீரின் அளவே நிலையைத் தீர்மானிக்கிறது. இதை லையோட்ரோபிக் திரவப் படிகம் என்பர்.

சோப்பு மூலக்கூறின் தலை நீரை நாடும், கொழுப்பு வால் நீரை ஒதுக்கும். நீர் மிகுந்திருக்கையில் மூலக்கூறுகள் வாலை உள்ளே மறைத்து, மைசெல் எனப்படும் நுண் உருண்டைகளாகத் திரளும். செறிவு கூடினால் அவை நீண்ட உருளைகளாகி அறுகோண ஒழுங்கில் அடுக்கப்படும். இன்னும் கூடினால் தட்டையான இரட்டை அடுக்குகள், இடையிடையே நீர்.

இங்கே ஒரு விநோதம். சுமார் 30 சதவீதம் நீருள்ள சூடான அடுக்கு நிலை குழாயில் ஓடும். அதை இளக்க மேலும் நீர் ஊற்றினால் அறுகோண நிலை வந்து இறுகிவிடும்! அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், உருளைக் கட்டு அவ்வளவு எளிதில் நழுவாது. சோப்பு ஆலைகளுக்கு இது பழைய தலைவலி.

குறுக்காக வைத்த இரு போலராய்டு தகடுகளுக்கிடையே இவ்விரு நிலைகளும் ஒளிரும். வெறும் மைசெல் கரைசல் இருண்டே இருக்கும்.

சுமார் 5 நானோமீட்டர் தடிப்புள்ள உயிரணுச் சவ்வும் இரட்டை அடுக்குதான். திரவப் படிகமாவதற்குத் தலையும் வாலும் கட்டாயமில்லை: கோல் வடிவப் புகையிலை மொசைக் வைரஸின் கரைசலும் திரவப் படிகமாவதை பாடன், பிரி குழுவினர் 1936இல் கண்டனர். நீண்ட கோல்கள் நெருங்கினாலே ஒரே திசையில் அணிவகுக்கும் என்று லார்ஸ் ஆன்சாகர் 1949இல் கணக்கிட்டுக் காட்டினார்.