படிப்புக்குக் கொடுத்த விலை
கென்யாவில் எனூசேன் என்று ஒரு கிராமம். மாசாய் ஜனங்கள் மாடு வளர்த்துப் பிழைக்கிற ஊர். 1978-இல் பிறந்த ககென்யா என்டாயாவுக்கு அங்கே ஐந்து வயசிலேயே மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார்கள்!

பெண்ணுறுப்பை அறுக்கும் சடங்கு நடந்தால், அடுத்தது கல்யாணம்தான், படிப்பு நின்றுவிடும். அப்பாவிடம் பேரம் பேசினாள் அந்தப் பொண்ணு. ஹைஸ்கூல் முடிக்க விட்டால் சடங்குக்குச் சம்மதம், இல்லாவிட்டால் ஓடிப்போய்விடுவாளாம்! பெண் ஓடினால் தகப்பனுக்கல்லவா தலைகுனிவு? ஒத்துக்கொண்டார். மயக்கமருந்துகூட இல்லாமல் அறுத்தார்கள். பெண்ணைப் பெற்றவளாச்சே நான், எழுதும்போதே வயிற்றைப் பிசைகிறது.

காயம் ஆறியதும் பள்ளிக்கூடம் போனாள். அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது ஊரே பணம் திரட்டித் தந்தது.

2009-இல் அதே ஊரில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். அங்கே மகளைச் சேர்க்கணுமா? சடங்கும் கிடையாது, சின்ன வயசுக் கல்யாணமும் கிடையாது என்று பெற்றோர் முதலில் ஒத்துக்கொள்ளணும்.